நான் சொல்லாமல் விட்ட அத்தியாயம்

போன வருஷம் தீபாவளி முடிந்து இரண்டு வாரம் இருக்கும். போடிநாயக்கனூரில் ஏலக்காய் தரம் பிரிக்கும் ஒரு கடையில் நான் வேலை பார்க்கிறேன். மலையிலிருந்து மூட்டை மூட்டையாகக் காய் இறங்கும் பருவம் அது. ஒரு கூடத்தில் பதினோரு பெண்கள் எதிரும் புதிருமாக உட்கார்ந்து, ஆளுக்கொரு முறத்தில் காயைக் கொட்டி, வெடித்தது, வெளுத்தது, பூச்சி துளைத்தது என்று பிரித்துத் தள்ளுவோம். கைக்கும் கண்ணுக்கும்தான் வேலை. காதும் வாயும் சும்மாதான் இருக்கும். அவற்றுக்கு வேலை கொடுத்தவள் நான்.

பன்னிரண்டாவது வரை படித்தவள். நூலகத்தில் கையில் அகப்பட்டதையெல்லாம் எடுத்து வந்து படிப்பேன். படித்ததை யாரிடமாவது சொல்லாவிட்டால் எனக்குச் சோறு இறங்காது. காலை டீ முடிந்ததும் கூடத்தில் யாராவது ஆரம்பித்துவிடுவார்கள். "ஏ கதைக்காரி, நேத்து விட்ட எடத்துல இருந்து சொல்லு." அந்தப் பட்டப்பெயரில் எனக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு. மறைப்பானேன்?

அந்தச் சமயத்தில்தான் ஒரு பழைய நாவலைப் படமாக எடுத்திருந்தார்கள். வயதான ஒரு காட்டு யானையின் கதை. எங்கோ வடக்கே மலைக்காட்டில் பல வருஷம் வேலை பார்த்த ஒருவர், எழுபது எண்பது வருஷத்துக்கு முன்னால் எழுதியது. தமிழிலும் வந்திருக்கிறது. எங்கள் நூலகத்தில் அட்டை போய், காக்கித்தாள் ஒட்டிய ஒரு பிரதி உண்டு. படத்தில் அந்தக் காட்டை எங்கள் குரங்கணி மலைக்கு மாற்றிவிட்டார்கள். ஷூட்டிங் நடந்த ஒரு மாதமும் ஊருக்கு வேறு பேச்சே இல்லை. எங்கள் கடைக்கு லோடு கொண்டுவரும் ஜீப்பு டிரைவர் அண்ணன்கூட ஒரு காட்சியில் ஜீப்பு ஓட்டியிருந்தார். "மூஞ்சி தெரியுமாண்ணே?" என்று கேட்டால், "முதுகு நல்லாத் தெரியும்மா" என்று பெருமையாகச் சொல்வார்.

படம் வருவதற்குள் புத்தகத்தில் இருக்கிற கதையை எல்லோருக்கும் சொல்லி முடித்துவிட வேண்டும் என்று எனக்கு ஒரு வேகம். இரண்டையும் ஒப்பிட்டுப் பேச ஆள் வேண்டுமே! ஆனால் ஒரு தயக்கமும் இருந்தது. என் எதிர் வரிசையில் ஓர் அக்கா உட்காருவார். பக்கத்து ஊரான தேவாரத்தில் வாழ்க்கைப்பட்டவர். மலையடிவாரத்து வாழைத்தோட்டத்தில் காவலுக்குப் போயிருந்த அவர் கணவரை ஒன்பது வருஷத்துக்கு முன்னால் யானை கொன்றுவிட்டது. அதன்பிறகுதான் அக்கா போடியில் பிறந்த வீட்டுப் பக்கம் வந்து, எங்களோடு முறம் பிடித்தார். அதிகம் பேச மாட்டார். அவரை வைத்துக்கொண்டு யானைக் கதையா என்று யோசித்து, முதல் நாளே தனியாகக் கேட்டுவிட்டேன்.

"சொல்லு ஆத்தா. ஆனை எனக்கென்ன பங்காளியா, பகை வச்சுக்க?" என்றார்.

அக்காவுக்குப் பகை வேறொருவரிடம் இருந்தது. கணவரின் தம்பி. சம்பவத்தன்று இரண்டு பேரும் சேர்ந்துதான் காவலில் இருந்தார்கள். அந்தக் கொழுந்தனோடு அக்கா ஒன்பது வருஷமாக ஒரு சொல் பேசியதில்லை. வருஷம் தவறாமல் தார் வெட்டும்போது அவர் பஸ்சு ஏறி வந்து, ஒரு செவ்வாழைத் தாரை அக்கா வீட்டு வாசலில் சாத்திவைத்துவிட்டுப் போவார். அக்கா அதைத் தெருவுக்குப் பங்கு வைத்துக் கொடுத்துவிடுவார். ஒரு பழம் வாயில் வைக்க மாட்டார். என்ன கோபம் என்று எங்களில் ஒருவருக்கும் தெரியாது. கேட்கிற தைரியமும் கிடையாது.

கதை நன்றாகத்தான் போனது. அந்தக் கிழட்டுப் பெண் யானைக்கு ஒரு காது கிழிந்திருக்கும். அதன் கூட்டம் தலைமுறை தலைமுறையாக நடந்த தடத்தின் குறுக்கே மரம் வெட்டுகிறவர்களின் முகாம் வந்துவிடும். வாசகருக்கு யார் மீதும் கோபம் வராது. எழுதினவர் அப்படி எழுதியிருக்கிறார். மூன்றாவது வாரம் அந்த அத்தியாயம் வந்தது. விடிகாலைப் பனியில் ஒரு விறகுவெட்டி அந்த யானைக்கு நேர் எதிரே வந்துவிடுகிறான். ஒரே நொடியில் எல்லாம் முடிந்துவிடுகிறது. அதன்பிறகு நடப்பதைப் படித்த அன்று நான் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு வெகுநேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

ஆனால் கூடத்தில் அந்த இடம் வந்ததும் எதிரே அக்காவின் தலை குனிந்திருந்ததைப் பார்த்தேன். வாய் தானாகத் திரும்பிவிட்டது. "பாறை மேல ஏறித் தப்பிச்சுட்டான்" என்று சொல்லிவிட்டு அடுத்த அத்தியாயத்துக்குத் தாவிவிட்டேன். அக்கா காயிலிருந்து கண்ணை எடுக்காமல், "தப்பிச்சுட்டானா? நல்லாருக்கட்டும்" என்றார். பெரிய புண்ணியம் செய்துவிட்டதாக எனக்குள் ஒரு திருப்தி.

படம் வந்தது. ஞாயிற்றுக்கிழமை மேட்னி ஷோவுக்குப் பதினோரு பேரும் ஒன்றாகக் கிளம்பினோம். முதல் காட்சியே எங்கள் மலை. மொட்டை மாடியில் துணி காயப்போடும்போது தினமும் கண்ணில் படுகிற அதே மலைதான். அதைத் திரை முழுக்கப் பார்த்தபோது, இத்தனை நாள் இதைப் பார்க்காமலேயே துணி காயப்போட்டிருக்கிறோம் என்று தோன்றியது. காப்பித் தோட்டத்துக்கு மேலே பனி கிடக்கிறது. அதற்குள்ளிருந்து சத்தமே இல்லாமல் ஒரு நெற்றி வெளியே வருகிறது. பிறகு கிழிந்த காது. பிறகு தந்தமில்லாத அந்த முகம். கிராபிக்ஸ் என்று தெரியும். தெரிந்தும் எங்கள் வரிசையில் ஒருத்தி என் கையைப் பிடித்து நெரித்துவிட்டாள். அந்த இடத்தில் புத்தகத்தைப் படம் ஜெயித்துவிட்டது. வெளியே ஒப்புக்கொள்ளத்தான் மனசு வரவில்லை.

நல்லவேளை, அதற்கப்புறம் குறை சொல்ல நிறையக் கிடைத்தது. புத்தகத்தில் இல்லாத ஒரு வில்லன் வந்தான். மூன்று பாட்டு வந்தது. கடைசியில் யானை அந்த வில்லனைத் துரத்தித் துரத்தி மிதித்தது, தியேட்டரே விசிலடித்தது. விறகுவெட்டியைக் கதாநாயகனின் சிரிப்பு நண்பனாக மாற்றியிருந்தார்கள். அவன் யானையைப் பார்த்ததும் வேட்டியை விட்டுவிட்டு ஓடித் தப்பித்தான்.

படம் விட்டதும் எதிரே இருந்த டீக்கடையில் நின்றோம். நான் ஆரம்பித்தேன். புத்தகத்தில் அந்த யானை ஒரு தடவைகூடப் பிளிறாது, இங்கே நிமிஷத்துக்கு ஒரு தடவை பிளிறுகிறது. புத்தகத்தில் வில்லனே கிடையாது, அதுதான் அதன் அழகே. விரலை மடக்கி மடக்கிச் சொல்லிக்கொண்டே போனேன். எல்லோரும் என் வாயைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை.

"எல்லாத்தையும் விடுங்கக்கா. புத்தகத்துக்கு உசிரே அந்த ஒரு எடந்தேன். அந்த ஆளக் கொன்னுபோட்டு, அது கெளை கெளையா ஒடிச்சுக் கொண்டாந்து அவன் மேல மூடும் பாருங்க, அதப் போயி வெட்டிட்டாங்களே!"

சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று எனக்கே உறைத்தது. அக்கா டீ கிளாசை மெதுவாகக் கீழே வைத்தார்.

"தப்பிச்சுட்டான்னுல்ல ஆத்தா நீ சொன்ன?"

படம் எடுத்தவர்கள் செய்ததாக நான் இவ்வளவு நேரம் திட்டிய அதே காரியத்தை அவர்களுக்கு முந்தியே நான் செய்திருந்தேன். மற்றவர்கள் என்னையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தார்கள். அக்கா கோபப்படவில்லை. என் பக்கத்தில் வந்து, மற்றவர்களுக்குக் கேட்காத குரலில், "மூடுமா? ஆனையா மூடுச்சு?" என்றார். நான் தலையை ஆட்டினேன். "வா, நடப்பம்" என்று என் கையைப் பிடித்து அழைத்துக்கொண்டு போனார்.

வீடு வரைக்கும் நடந்தோம். அந்த ஒரு மைல் தூரத்தில்தான் ஒன்பது வருஷக் கதையை அக்கா சொன்னார்.

கணவரும் கொழுந்தனும் காவலில் இருந்தபோது, விடிகிற நேரம் யானை தோட்டத்துக்குள் வந்துவிட்டது. இருவரும் ஆளுக்கொரு பக்கம் ஓடினார்கள். நன்றாக வெளுத்த பிறகு கொழுந்தன் ஆட்களைக் கூட்டிக்கொண்டு போய்த் தேடியிருக்கிறார். தோட்டத்தை ஒட்டிய மரத்தடியில் பச்சைக் கிளைகள் குவியலாகக் கிடந்தன. விலக்கிப் பார்த்தால் உள்ளே அவர்.

"தலையில இருந்து கால் வரைக்கும் எலை ஆத்தா. மொகத்துமேலதேன் நெறையக் கெடந்துச்சு. ஆஸ்பத்திரியில, உசிரு ஒடனே போயிருக்காதுன்னு யாரோ பேசிக்கிட்டத எங்காதால கேட்டேன். அப்பத்தேன் எனக்கு நெஞ்சு வெடிச்சுப் போச்சு. கூடப் போனவன் ஒருத்தந்தேன். உசிரு கெடக்கும்போதே செத்துட்டார்னு நெனச்சு எலையப் போட்டு மூடிட்டு ஓடிட்டான். தூக்கியாந்திருந்தா பொழச்சிருப்பாரு. நா அப்படித்தேன் நெனச்சேன். இன்ன வரைக்கும் அப்படித்தேன் நெனைக்கேன்."

"அவரு என்ன சொன்னாருக்கா?"

"நா மூடல மதினி, நா மூடல மதினின்னு அழுதாரு. அப்ப யாரு மூடுனான்னு கேட்டா அதுக்கும் அழுகதேன். அவுக பக்கத்து ஆளு ஒருத்தரு, ஆனையே மூடியிருக்கும்னாரு. அவனக் காப்பாத்தப் பிள்ளைகளுக்குச் சொல்ற கதையெல்லாம் எனக்குச் சொல்றாகளேன்னு மண்ண வாரித் தூத்திட்டு வந்துட்டேன்."

அவருடைய மனம் நோகக்கூடாது என்று நான் விழுங்கிய அந்த ஒரு பக்கத்தைத்தான் அவர் ஒன்பது வருஷமாகத் தெரியாமலே தேடிக்கொண்டிருந்திருக்கிறார். வாசல் வந்ததும் அக்கா சொன்னார். "நாளைக்குப் புத்தகத்தக் கொண்டா. நீ சொல்லாத. வாசி."

புத்தகத்தை நான் நூலகத்தில் திருப்பிக் கொடுத்தாகிவிட்டது. படம் வந்த ஜோரில் யாராவது எடுத்துப் போயிருந்தால்? திங்கட்கிழமை காலை நூலகம் திறக்கும் முன்பே வாசலில் போய் நின்றேன். காக்கித்தாள் ஒட்டிய அந்த முதுகு அலமாரியில் இருந்ததைப் பார்த்தபோது எனக்கு அழுகையே வந்துவிட்டது. கடைக்குத் தாமதமாகப் போய், மேஸ்திரியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் வாசித்தேன். என் சரக்கு எதையும் சேர்க்கவில்லை. விறகுவெட்டி விழுந்த பிறகு அந்த யானை ஓடிப்போகவில்லை. துதிக்கையால் அவனை மெதுவாகத் தடவிப் பார்க்கிறது. காலால் லேசாக நகர்த்திப் பார்க்கிறது. அவன் எழுந்திருக்கவில்லை. அது பக்கத்து மரத்துக்குப் போய் ஒரு கிளையை முறித்துக்கொண்டு வந்து அவன் முகத்தின் மேல் வைக்கிறது. திரும்பிப் போகிறது. இன்னொரு கிளை. இன்னொன்று. மண்ணையும் சருகையும் அள்ளிப் போடுகிறது. வெயில் ஏறுகிறவரைக்கும் குவியலுக்குப் பக்கத்திலேயே நின்றுவிட்டு, வந்த வழியே போகிறது. ஏன் அப்படிச் செய்தது என்று எழுதினவர் ஒரு வரிகூடச் சொல்லவில்லை. தனக்குத் தெரியாததைத் தெரியாது என்றே விட்டுவிட்டார்.

பதினோரு முறமும் அசையவில்லை. அதட்ட வந்த மேஸ்திரி கதவுநிலையைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார். ஏலக்காய் வாசம் மட்டும் அறை முழுக்க இருந்தது.

"கதைதேன ஆத்தா இது?" என்றார் அக்கா.

நான் முன்னுரையைப் புரட்டினேன். முன்னுரையை யார் படிப்பார்கள்? நான் படிப்பேன், அந்த ஒரு கெட்ட பழக்கம் அன்றைக்கு உதவியது. மற்றதெல்லாம் கற்பனை கலந்தது, ஆனால் இந்த ஓர் அத்தியாயத்தில் வருவது தான் மரத்தின் மேல் உட்கார்ந்து கண்ணால் பார்த்தது என்று எழுதினவர் அதில் சொல்லியிருந்தார். அதையும் வாசித்துக் காட்டினேன்.

அக்கா புத்தகத்தை வாங்கி, எழுத்தின் மேல் விரலை வைத்துப் பார்த்தார். அவருக்கு அவ்வளவாகப் படிக்க வராது.

"இத எழுதி எத்தன வருசம் இருக்கும்?"

"எழுவது எண்பது வருசம் இருக்கும்க்கா."

"அப்ப எங்கொழுந்தன் பொறக்கவே இல்ல."

"ஆமாக்கா."

"அவனக் காப்பாத்துறதுக்காக இவரு எழுதியிருக்க மாட்டாருல்ல?"

அக்கா முந்தானையை வாயில் பொத்திக்கொண்டு அழுதார். ஒன்பது வருஷத்தில் அவர் அழுது நாங்கள் பார்த்தது அன்றுதான்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை என்னையும் கூட்டிக்கொண்டு தேவாரம் பஸ்சில் ஏறினார். புத்தகத்தை ஒரு மஞ்சள் பையில் போட்டு மடியில் வைத்திருந்தார். பஸ்சு ராசிங்காபுரம் தாண்டியது. பிறகு, "என்னத்தச் சொல்லி வாசப்படி ஏறுவேன்?" என்று மட்டும் கேட்டார்.

கொழுந்தன் தன் வீட்டு முற்றத்தில் மண்வெட்டிக்குக் காம்பு போட்டுக்கொண்டிருந்தார். நரைத்த, ஒடிசலான மனிதர். எங்களைப் பார்த்ததும் காம்பைக் கீழே போட்டுவிட்டு எழுந்தார்.

"அப்பு, நீ மூடல" என்றார் அக்கா.

நான் கொழுந்தன் முகத்தைப் பார்க்க முடியாமல் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் குரல் கேட்டது. "ஓடுனேன் மதினி. அது மெய்யி. அண்ணனும் எம்பின்னால இந்தப் பக்கந்தேன் வருதுன்னு நெனச்சுக்கிட்டு ஓடுனேன். ஆனா மூடல."

"ஓடாம? நின்னிருந்தா ரெண்டு பேரையும்ல குடுத்திருப்பம்."

அவர் தலையில் அடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார். அக்காதான் செம்பில் தண்ணீர் மொண்டு கொடுத்தார். வீடு அவருக்குப் பழகின வீடு, குடம் இருக்கும் இடம் மறக்கவில்லை.

சாயங்காலம் பஸ்சுக்கு முன்னால் கொழுந்தன் எங்களைத் தோட்டத்துக்கு அழைத்துப் போனார். வாழை முடிகிற இடத்தில் மலை ஆரம்பிக்கிறது. அங்கே ஒரு பெரிய வாகை மரம். கணவர் கிடந்த இடத்தில் புல் முளைத்திருந்தது. அக்கா அந்த இடத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"கீழ பாக்காதீக மதினி. மேல பாருங்க" என்றார் கொழுந்தன்.

அண்ணாந்து பார்த்தோம். இரண்டு ஆள் உயரத்துக்கும் மேலே, தடித் தடியான கிளைகள் முறிந்த இடங்கள். ஒன்று, இரண்டு, ஐந்து, ஏழு. ஒன்பது வருஷத்தில் பட்டை மூடி, முடிச்சு முடிச்சாகக் காய்த்துப் போயிருந்தன. அரிவாள் பட்ட தடம் ஒன்றிலும் இல்லை. மனிதன் கை எட்டுகிற உயரமும் இல்லை. இவ்வளவு பெரிய ஓர் உயிர், தான் சாய்த்த ஒரு மனிதனுக்காக இந்த மரத்துக்கும் அந்தப் புல்தரைக்கும் ஏழு தடவை நடந்திருக்கிறது. எனக்கு அங்கேயே கும்பிட வேண்டும் போல இருந்தது. யாரை என்றுதான் தெரியவில்லை.

"தேட வந்தவுகளுக்கு அன்னைக்கே காட்டுனேன் மதினி. எல்லாரும் கீழயேதேன் பாத்தாக. ஒருத்தரும் அண்ணாந்து பாக்கல."

அக்கா மரத்துக்குப் பக்கத்தில் போய் அடிமரத்தில் உள்ளங்கையை வைத்தார். "தனியாப் போட்டுட்டுப் போகல, அப்பு. ஏதோ ஒண்ணு கூட நின்னிருக்கு" என்றார். மலைமேல் பனி இறங்க ஆரம்பித்திருந்தது. படத்தில் வந்த அதே பனி. அதற்குள்ளிருந்து எதுவும் வரவில்லை. இருந்தாலும் பஸ்சுக்கு நேரமாகிற வரைக்கும் மூன்று பேரும் அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டு நின்றோம்.

இந்த வருஷமும் தார் வந்தது. வாசலில் சாத்திவைத்துவிட்டுப் போகவில்லை. கொழுந்தன் உள்ளே வந்து உட்கார்ந்து, சாப்பிட்டுவிட்டுத்தான் போனாராம். மறுநாள் அக்கா இரண்டு சீப்பைக் கடைக்குக் கொண்டுவந்து எல்லோருக்கும் கொடுத்தார். கடைசிப் பழத்தைத் தானே உரித்து, எங்கள் முன்னாலேயே சாப்பிட்டார். "இன்னைக்கி என்ன கதை? ஒரு எடம் விடாம வாசிக்கணும், சொல்லிட்டேன்" என்றார்.

இப்போதும் ஒரு படம் பார்த்துவிட்டு வந்தால் புத்தகத்தோடு ஒப்பிட்டுக் குறை சொல்ல வாய் துறுதுறுக்கத்தான் செய்கிறது. ஆனால் யாருக்காவது வலிக்குமே என்று நானாக ஒரு பக்கத்தைத் தாண்டப் போகும்போதெல்லாம், அந்த வாகை மரத்தடியில் அண்ணாந்து நின்ற அக்காவின் முகம் குறுக்கே வந்து நிற்கிறது, நான் திரும்பி வந்து அந்தப் பக்கத்தையும் வாசித்துவிடுகிறேன்.